கிதியோனின் மூன்றாவது ரோலர்

போடியில் ஏலக்காய் குடோன்கள் வரிசையாக நிற்கும் தெருவில் பூமாரியின் தையல் கடைக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். ஆனால் சரியான ஜன்னல். எதிரே ஏசுதாசனின் 'எபெனேசர் இன்ஜினியரிங்' பட்டறை வாசல் முழுசாகத் தெரியும். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறார்கள் என்பதையெல்லாம் மெஷினை மிதித்தபடியே பார்த்துக்கொள்ளலாம். கண் எதிர்வாசலில், கை துணியில், வாய் வாடிக்கைக்காரியிடம். மூன்றும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. பத்து வருஷத்தில் பூமாரி இதனால் ஒரு தையல்கூடக் கோணலாகப் போட்டதில்லை.

ஏசுதாசனைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல அந்தப் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. அதனால் நல்லதையே கொஞ்சம் கேலியாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பா வைத்துவிட்டுப் போன இரும்புக் கடையில் உட்கார்ந்து ஆணி நிறுத்துக்கொண்டிருந்த மனுஷன், ஒருநாள் பின்கட்டில் லேத்தைப் போட்டுக்கொண்டு மெஷின் செய்ய ஆரம்பித்தார். மெஷினுக்கெல்லாம் வேதாகமப் பெயர். தேங்காய் உரிப்பது சிம்சோன். ஏலக்காய் உலர்த்தும் அடுப்பு சாத்ராக்; அக்கினிச் சூளைக்குள் போயும் கருகாமல் வெளியே வந்தவனாம் அவன். கிணற்று மோட்டாருக்கு யோனா என்று பெயர். மூன்று நாள் ஆழத்தில் கிடந்தாலும் மேலே வந்துவிடுமாம். மார்க்கையன்கோட்டைத் தோப்புக்காரர்கள் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, "அண்ணாச்சி, ரெண்டு சிம்சோன் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போவார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒன்பது மெஷின் விற்றால் பத்தாவது கர்த்தருடையது. அதை ஆதரவில்லாத ஒரு பெண்ணுக்குச் சும்மா கொடுத்துவிடுவார். என்ன சாமி கும்பிடுகிறாய் என்று கேட்க மாட்டார். கணக்கு வழக்கைப் பார்க்கும் வைகுண்டராஜ் ஏசுதாசனின் மனைவியோடு பிறந்த தம்பி. ஒன்பதாவது மெஷின் லாரியில் ஏறியதும் அவர் நோட்டோடு வந்து நிற்பார். "அத்தான், ஆண்டவர் பத்துல ஒண்ணு கேட்டாரு, சரி. டெலிவரி சார்ஜுமா நம்மட்டக் கேட்டாரு?" என்பார். ஓசியில் வாங்கிய சங்கிலியம்மாள்தான், சர்வீஸுக்கு ஆள் வர ஒருநாள் பிந்தினாலும் போனில் சண்டைக்கு வருவாள். ஏசுதாசன் அதையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

அந்தப் பட்டறையில்தான் பூமாரியின் மகள் சுபாஸ்ரீ இரண்டு வருஷமாக வேலை பார்த்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை, டிப்ளமோ மெக்கானிக்கல். தேனி வரைக்கும் ஏறி இறங்கிய பட்டறைகளிலெல்லாம், "பொம்பளப் பிள்ளைக்கு லேத்துல என்னம்மா வேலை?" என்று திருப்பி அனுப்பினார்கள். ஏசுதாசன் மட்டும் மேஜையில் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்து அவள் கையில் கொடுத்து, "இது எந்தப் பக்கம் முறுக்குற மரை?" என்று கேட்டார். அவள் பார்த்த மாத்திரத்தில் "இடது" என்றாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பூமாரி முருகனுக்கு ஒரு சூடமும், ஏசுவுக்கு ஒரு மெழுகுவர்த்தியும் கொளுத்தினாள். யாரால் கிடைத்தது என்று தெரியாத இடத்தில் ரெண்டு பேருக்கும் வைத்துவிடுவது நல்லதுதானே.

இந்த வருஷம் ஐப்பசிக்கு முன்னால் பட்டறையில் கிதியோன் பிறந்துகொண்டிருந்தான். உலர்ந்த ஏலக்காயின் நுனியில் காய்ந்த பூ ஒட்டிக்கொண்டிருக்கும், வால் என்பார்கள். அந்த வாலைத் தேய்த்து எடுத்து, காயைப் பெருசு, நடுத்தரம், சிறுசு என்று பிரிக்கும் மெஷின். பெரிய குடோன்களில் அதற்கு ராட்சச மெஷின்கள் இருக்கின்றன. இது வீட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கிற அளவு. ஆயிரக்கணக்கான பேரில் சரியான முந்நூறு பேரைப் பிரித்தெடுத்தவன் கிதியோன் என்பதால் அந்தப் பெயர்.

முதல் ரோலர் சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதுதான் காயின் தோலைக் கிழித்தது. தோல் கிழிந்த ஏலக்காய்க்குச் சந்தையில் மரியாதை கிடையாது. மூன்று மாதம் அந்த ஒரு ரோலரோடு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் வழி கண்டுபிடித்தது சுபாஸ்ரீ. எப்படி என்பது பிறகு வரும்.

வழி கண்டுபிடித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வைகுண்டராஜ் கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி பட்டறைக்குள் ஓடினார். பூமாரி ஊசியை நிறுத்தினாள்.

பக்கத்து ஊர் தேவாரத்தில் ஜோயல் புது மெஷின் இறக்கிவிட்டான். பெயர் யோசுவா. மூன்று ரோலர். மூன்று தட்டு. கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கிற அளவு.

இந்த ஜோயல் யாரென்றால், ஏசுதாசனிடம் ஏழு வருஷம் வேலை கற்றவன். தனியாகப் போகிறேன் என்றபோது வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று ஒரு லேத்தைக் கொடுத்து, அதன்மேல் கைவைத்து ஜெபமும் பண்ணி அனுப்பினார் ஏசுதாசன். "தொழிலையும் குடுத்தாக, தன்னயக் குத்தக் கத்தியும் சேத்துக் குடுத்தாக" என்று பூமாரி அப்போதே சொன்னாள்.

"வரைபடம் இருந்தது அந்தப் பிள்ளை லேப்டாப்புல மட்டும்தான் அத்தான்!" என்று வைகுண்டராஜ் கத்தியது ஜன்னல் வரைக்கும் கேட்டது. "உங்ககிட்ட இல்ல, எங்கிட்ட இல்ல. வேற எப்படிப் போச்சு? காத்துலயா போச்சு?"

கொஞ்ச நேரத்தில் சுபாஸ்ரீ வெளியே வந்தாள். தோளில் பை இருந்தது. லேப்டாப் இல்லை. தெருவைக் கடந்து கடைக்குள் வந்து, துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"மூணு நாள் வீட்ல இரும்மான்னு சொல்லிட்டாக. ஜெபம் பண்ணி விசாரிச்சு சனிக்கிழமை முடிவு சொல்றாகளாம்." அவள் அழவில்லை. அதுதான் பூமாரிக்குப் பயமாக இருந்தது. "திருடின்னு சொல்லலம்மா. ஆனா இல்லைன்னும் சொல்லல."

பூமாரி மகளைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கொக்கியைப் பார்த்தாள். போன மாதம் அந்தக் கொக்கியில் ஒரு வெல்வெட் ரவிக்கை தொங்கியது. மயில் கழுத்து நிறம். தேவாரத்து விஜிக்குத் தைத்தது. விஜி வேறு யாருமில்லை, ஜோயலின் பெண்டாட்டி.

அன்றைக்கு அளவெடுக்கும்போது விஜி சும்மாதான் கேட்டாள். "என்னக்கா, எதுத்த பட்டறையில ஒரே சத்தமா இருக்கு?" சும்மா கேட்ட கேள்விக்குச் சும்மா இருக்கத் தெரிந்தவளா பூமாரி? மகள் அங்கே பெரிய ஆள் என்று காட்டிக்கொள்ளும் ஆசை வேறு. கழுத்தளவிலிருந்து கை அளவு வரைக்கும், தெரிந்தது, பார்த்தது, மகள் தூக்கத்தில் உளறியது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். தைத்த ரவிக்கையை வாங்க வந்தபோது விஜி, "மிச்சத் துணி எங்கக்கா?" என்று கேட்டாள். "வெல்வெட்டு பாரு ஆத்தா, வெட்டுல போயிருச்சு" என்றாள் பூமாரி. அரை மீட்டர் துணி அப்போது மெஷினுக்கடியில் சமர்த்தாக இருந்தது. அது வேறு பாவம். தையல்காரியின் பாவங்களில் மிச்சத் துணி சேராது என்பது பூமாரியின் நம்பிக்கை.

"அம்மா." சுபாஸ்ரீ கூப்பிட்டாள். "நீ யார்ட்டயாவது எதையாவது சொன்னியா?"

"நான் என்னத்தெச் சொல்லப் போறேன்? எனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியும். உங்க மெஷினப் பத்தி என்ன தெரியும்?"

"ஒனக்கு ஊசியவிட வாய்தானம்மா கூரு."

"பெத்தவளப் பேசுற பேச்சா இது?" என்று பூமாரி குரலை உயர்த்தினாள். தப்பு செய்தவளுக்குக் கோபம்தான் முதல் போர்வை.

புதன்கிழமை தெரு வேலையை ஆரம்பித்தது. பக்கத்தில் பூக்கட்டும் பொன்னாத்தாள், பூமாரியின் பத்து வருஷக் கூட்டாளி, கடைக்குள் எட்டிப் பார்த்து, "மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணமாம்ல? நகையெல்லாம் எடுத்தாச்சாம்ல?" என்றாள்.

"எவ சொன்னா?"

"ஊருல பேசிக்கிட்டாக. தேவாரத்தான் பணமா நல்லாச் செஞ்சிட்டானாமே, அதான் கேட்டேன்."

அதற்கப்புறம் வந்தவர்கள் அளவைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார்கள். பூமாரி வெளியே வந்தால் குழாயடியில் பேச்சு நின்றது. அடுத்த வீட்டுச் செய்திக்கு இத்தனை வருஷம் உப்பும் காரமும் பார்த்துப் போட்டவளுக்கு, தன் வீடே கொதிக்கும்போது அந்த வாசனை தாங்கவில்லை. வியாழக்கிழமை ராத்திரி சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டுச் சுபாஸ்ரீ எழுந்துபோனாள். "இந்த வேலை போச்சுன்னா, திருடின்னு பேரோட எந்தப் பட்டறையிலயும் ஏத்த மாட்டாகம்மா" என்று மட்டும் சொன்னாள்.

பூமாரி யோசித்தாள். உண்மையைச் சொன்னால் மகள் பெயர் தப்பிக்கும். ஆனால் மகள் முகத்தில் விழிக்க முடியாது. தெருவில் இனிமேல் ஒருத்தியும் ஒரு செய்தியும் சொல்ல மாட்டாள். ஜன்னல் வெறும் ஜன்னலாகிவிடும். சொல்லாவிட்டால்? சனிக்கிழமைக்கு ஒருநாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் பட்டறையில் ஜெபம். அது தினமும் உண்டு. மெஷின் போடுவதற்கு முன்னால் பத்துப் பேரும் வட்டமாக நின்று கண்ணை மூடிக்கொள்வார்கள். வெல்டர் பால்பாண்டி அய்யப்பனுக்கு மாலை போட்டிருக்கும்போதும் நிற்பான். ஒரு கண்ணை மட்டும் மூடுவான். ஏசுதாசன் நீளமாக ஜெபிப்பவர். மழைக்கு, மலைத் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்களுக்கு, அணையிலிருந்து லோயர் கேம்பில் இறங்கும் தண்ணீருக்கு, வைகுண்டராஜின் ரத்த அழுத்தத்துக்கு என்று வரிசையாகப் போகும்.

அந்த வட்டத்துக்குள் பூமாரி நுழைந்தாள். ஒரு விஷயத்தை மூன்று நாள் வயிற்றுக்குள் வைத்திருந்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆமென் வரைக்கும் பொறுக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, நிப்பாட்டுங்க! எம் பிள்ள ஒண்ணும் செய்யல. சொன்னது நான்."

எல்லாக் கண்ணும் திறந்தது. பால்பாண்டிக்கு ஒன்று ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

"எல்லாத்தையும் விஜிகிட்ட நாந்தான் சொன்னேன். ரவிக்கைக்கு அளவெடுக்கையில சொன்னேன். வாய் நிக்கல. என்னய என்ன செய்யணுமோ செய்யுங்க. போலீஸுக்குன்னாலும் வாரேன். அந்தப் பிள்ளைக்கு லேப்டாப்பக் குடுத்துருங்க."

"அம்மா!" வாசலில் சுபாஸ்ரீ நின்றாள். அம்மா செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடப்பதைப் பார்த்துப் பின்னாலேயே வந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்கப் பூமாரிக்குத் தைரியம் இல்லை.

வைகுண்டராஜ்தான் முதலில் சுதாரித்தார். நோட்டையும் பேனாவையும் எடுத்தார். "என்ன சொன்னீக? ஒண்ணு விடாமச் சொல்லுங்க. வக்கீலுக்கு வேணும்."

பூமாரி ஒப்பித்தாள். "மேல ஒரு ஃபேன் ஓடும்னு சொன்னேன். உள்ள ஒம்பது உருளை இருக்கும்னு சொன்னேன். நடுவுல ரெண்டு கருங்கல்லு சுத்தும். ஓரத்துல தண்ணி ஊத்தணும். ஊத்த ஊத்த ஏலக்காய் பொங்கி மேல வரும்…"

வைகுண்டராஜ் பேனாவை நிறுத்தினார்.

"கருங்கல்லா?"

"ஆமா. எங் கண்ணால பாத்தேன். சாயங்காலம் வாசல்ல வச்சு ஓட்டிப் பாத்தீகளே."

முதலில் சிரித்தது பால்பாண்டி. "அக்கா, அது இட்லிக்கு மாவாட்டுற கிரைண்டர்! ரிப்பேருக்கு வந்துச்சு!"

பட்டறையே சிரித்தது. சுபாஸ்ரீ சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் தூக்கத்துல ஒம்பதுன்னா சொன்னேன்? அது ஒம்பது மணிம்மா. ஒம்பது மணிக்கு வேலைக்குப் போகணும்னு சொல்லியிருப்பேன்."

பத்து வருஷமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்து தெருவின் சகல ரகசியங்களையும் அறிந்தவள் என்று பெயர் வாங்கிய பூமாரிக்கு, திருடி என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"அப்ப யாரு?" என்றார் ஏசுதாசன். அவர் சிரிக்கவில்லை. "இந்தம்மாவும் இல்ல. சுபாவும் இல்ல. ஜோயலுக்கு ரோலர் அளவு முதக்கொண்டு எப்படித் தெரிஞ்சது?"

"நான் சொல்லட்டா?" என்று ஒரு குரல் வந்தது.

பட்டறைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. ஏசுதாசனின் மனைவி ஜெபஷீலா கரண்டியோடு பின்வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. கரண்டியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "செவ்வாக்கிழமையே எனக்கு ஒரு சந்தேகம். இந்த வீட்ல நான் பேசுனா யாரு கேக்குறாக? பூமாரியாவது தைரியமா வந்து சொன்னா. கேளுங்க."

சபையில் 'அதிகாலை ஜெப வாசல்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப். போடி, தேவாரம், தேனி சேர்த்து இருநூத்திச் சொச்சம் பேர். விண்ணப்பத்தைச் சொன்னால் எல்லாரும் ஜெபிப்பார்கள். ஜெபஷீலா ஒரு பொத்தானை அமுக்கினாள். ஏசுதாசனின் குரலே பட்டறை முழுக்கக் கணீரென்று ஒலித்தது.

"ஸ்தோத்திரம். அன்பான சகோதர சகோதரிகளே, நம்ம கிதியோனுக்காகப் பாரத்தோட ஜெபிச்சுக்கோங்க. முதல் ரோலர் கம்பி வலை, ரெண்டாவது ரப்பர், ரெண்டும் எதிரெதிராச் சுத்துது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மூணாவதுக்கு நைலான் பிரஷ் வச்சிருக்கோம். தட்டுக்கும் அதுக்கும் நாலு மில்லிமீட்டர் இடைவெளி. நிமிஷத்துக்கு அறுபது சுத்து. ஆனாலும் காய்த் தோலு கிழியுது. கர்த்தர் ஒரு வழியத் திறக்கணும்."

கீழே வரிசையாக ஆமென்கள். ஏழாவது ஆமென் ஜோயலுடையது. கூப்பிய கை படம் இரண்டு போட்டிருந்தான்.

"இது ஆவணி மாசம் போட்டது" என்றாள் ஜெபஷீலா. "இன்னும் பதினெட்டு இருக்கு. மோட்டார் எத்தன ஹெச்.பி.ன்னு ஒண்ணு. தட்டு ஓட்டை அளவு ஒண்ணு. ஒண்ணுல படமே வரைஞ்சு போட்டிருக்கீக, ஜெபிக்கிறவுகளுக்குப் புரியணும்னு."

வைகுண்டராஜ் கரண்டியோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். "அத்தான்," என்றார் மெதுவாக, "பேடன்ட்டுக்கு ஒரு விண்ணப்பம் போடுவோம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஆண்டவர் குடுத்ததுக்கு நான் பட்டா போடுறதான்னு கேட்டீக. கடைசியில ஊருக்கே பட்டா எழுதிக் குடுத்துட்டீகளே!"

ஏசுதாசனுக்குக் கோபம் வராது என்று ஊரில் சொல்வார்கள். வரும். அவர் கை பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை இறுக்கிப் பிடித்ததைப் பூமாரி பார்த்தாள். கோபம் ஜோயல் மேலா, தன்மேலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஸ்பேனரை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். முகத்தைக் கழுவினார். இரண்டாவது தடவையும் கழுவினார். திரும்பி நேராகச் சுபாஸ்ரீயின் முன்னால் வந்து நின்றார்.

"சுபா, செவ்வாக்கிழமையே ஒன்னய நம்புறேன்னு சொல்லியிருக்கணும். மூணு நாள் ஜெபம் பண்ணேன். ஆனா மொதல்ல ஒங்கிட்டக் கேட்டிருக்கணும். கேக்கல. என்னய மன்னிச்சுரும்மா."

சுபாஸ்ரீ என்ன சொல்லியிருப்பாளோ. அதற்குள் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு மெஷின். பக்கத்தில் ஜோயல். சட்டையெல்லாம் கசங்கி, ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

பத்துப் பேரும் அவனையே பார்த்ததும், திரும்பி ஆட்டோவில் ஏறிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு உள்ளே வந்தான்.

"அண்ணே… ஸ்தோத்திரம்."

யாரும் பதில் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

"யோசுவா எட்டு வித்துட்டேண்ணே. எட்டுலயும் காய் கிழியுது. தோட்டக்காரவுக வீட்டு வாசல்ல வந்து உக்காந்திருக்காக. ரெண்டு பேரு ஒரு மூட்டக் காயவே கொண்டாந்து முத்தத்துல கொட்டிட்டாக." தார்ப்பாய் மூடிய மெஷினைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, தப்பா நெனைக்காதீக. அந்த மூணாவது ரோலர் விண்ணப்பத்துக்குப் பதில் கெடச்சுதா? குரூப்புல நீங்க ஒண்ணும் போடலியே."

வைகுண்டராஜ் கரண்டியை ஓங்கியேவிட்டார். "ஏலே! பதிலக் கேக்க வந்தியா நீ? ஆமென் சொன்ன வாய இங்கன கொண்டா!"

"நான் திருடலண்ணே!" ஜோயல் உண்மையிலேயே அடிபட்டவன்போலச் சொன்னான். "அண்ணன்தான எல்லாருக்கும் சொன்னாக? நானும் முழங்கால்ல நின்னு ஜெபிச்சேன். ஜெபிக்க ஜெபிக்க எனக்கும் மெஷின் அப்படியே கண்ணுல தெரிஞ்சுச்சு. ஆண்டவர் எனக்கும் காட்டுறாருன்னு நெனச்சேன்."

"மில்லிமீட்டரோடயா காட்டுனாரு?" என்றாள் ஜெபஷீலா.

ஜோயல் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்க்கா. வந்து கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும். கேட்டா அண்ணன் சரின்னுருவாக. அதான் வெக்கமா இருந்துச்சு."

ஏசுதாசனுக்கு வேறொன்று உறைத்தது. மேஜைமேல் உட்கார்ந்து நெற்றியில் கையை வைத்தார். "பத்துக் குஷ்டரோகிகள ஆண்டவர் குணமாக்குனாரு. ஒருத்தன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான். நான் அந்த ஒம்பது பேர்ல சேந்துட்டேன். கேக்கும்போது பத்தொம்பது தடவை கேட்டேன். கெடச்சதும் ஒரு வார்த்த சொல்லல. சந்தோஷத்துல மறந்தே போயிட்டேன்."

"அந்த ஒண்ணுதான் அத்தான் நீங்க செஞ்ச புத்திசாலித்தனம்" என்றார் வைகுண்டராஜ்.

ஏசுதாசன் அவரைப் பார்த்துவிட்டு, சுபாஸ்ரீயைப் பார்த்தார். "மூணாவது ரோலர் ஒன்னோடதும்மா. ஆண்டவர் எனக்குக் காட்டல. ஒனக்குத்தான் காட்டுனாரு. மலையில எட்டுத் தோட்டத்துல காய் வீணாப் போகுது. இவனுக்குச் சொல்லலாமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும். நீ வேண்டாம்னா நானும் வாயத் திறக்க மாட்டேன்."

வாய் திறக்காத ஏசுதாசனை யாரும் பார்த்ததில்லை. அதனால் அது பெரிய வாக்குறுதிதான்.

சுபாஸ்ரீ ஆட்டோவில் இருந்த மெஷினைப் பார்த்தாள். பூமாரி மனசுக்குள் முருகனையும் ஏசுவையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள்.

"சொல்றேன் சார்," என்றாள் சுபாஸ்ரீ. "சும்மா சொல்ல மாட்டேன். மொதல்ல வைகுண்டராஜ் சார் என்னய என்ன சொன்னாகன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். தப்புன்னும் தெருவுக்கே தெரியணும்."

வைகுண்டராஜ் எழுந்தார். கரண்டியோடேயே வாசலுக்குப் போனார். எதிரே பொன்னாத்தாள் பூவைக் கையில் வைத்துக்கொண்டு கட்டாமல் நின்றாள். "கேட்டுக்கோங்க! சுபாஸ்ரீ திருடல! நாந்தான் புத்தி கெட்டுப் பேசிட்டேன்! போதுமா?" என்று கத்திவிட்டு உள்ளே வந்தார். "போதும்" என்றாள் சுபாஸ்ரீ. பட்டறையில் வேலை பார்ப்பவள்போல இல்லை, நடத்துபவள்போலச் சொன்னாள்.

"ரெண்டாவது, அந்த ரோலருக்கு இன்னைக்கே பேடன்ட்டுக்குப் போடணும். மதுரை வக்கீல்ட்ட நானே பேசுறேன். அதுல எம் பேரும் இருக்கணும். அதுக்கப்புறம் நீங்க குரூப்புல என்ன சாட்சி வேணும்னாலும் சொல்லிக்கோங்க."

"ஒம் பேர்தான் மொதல்ல" என்றார் ஏசுதாசன்.

"மூணாவது." ஜோயலிடம் திரும்பினாள். "எட்டு மெஷினையும் நானே நாளைக்கு வந்து சரி பண்றேன். இனி நீ வித்தா, பத்தாவது மெஷினு சும்மா போகணும். இங்கன எப்படியோ அதே மாதிரி."

ஜோயலுக்குக் கண் கலங்கிவிட்டது. கிடைத்த மன்னிப்பாலா, போகப்போகும் பத்தாவது மெஷினாலா என்று பூமாரிக்குத் தெளிவாகத் தெரியவில்லை. "சரி தங்கச்சி" என்றான்.

சுபாஸ்ரீ தார்ப்பாயை விலக்கி மெஷினைத் திறந்தாள். பிரஷ் ரோலரைத் தடவிப் பார்த்தாள். "பிரஷ் ரெண்டு பக்கமும் கீறும்ணே. நமக்கு ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறது வேணும். ஒரு பக்கம் தடவுனா மெத்துன்னு போகணும், எதிர்ப்பக்கம் தடவுனா சொரசொரன்னு பிடிக்கணும். காய வழுக்கி விடணும், வாலப் பிடிச்சு இழுக்கணும்."

"அப்படி என்ன இருக்கு?" என்றான் ஜோயல்.

"வெல்வெட்டு. ரப்பருக்கு மேல இழுத்துச் சுத்துனோம். எங்க அம்மா கடையில மெஷினுக்கடியில அரை மீட்டர் கெடந்துச்சு, இன்னும் மிச்சமிருக்கு."

அது விஜியின் துணி என்பது பூமாரிக்கு மட்டும்தான் தெரியும். பயத்தோடு மெல்ல நகர்ந்து வாசலுக்கு வந்து, தெருவைக் கடந்து, தன் ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் அவளுக்குக் கண் நனைந்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பொன்னாத்தாள் ஒரு முழம் மல்லிகையைக் கொண்டுவந்து கேட்காமலேயே அவள் தலையில் வைத்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல, நம்ம சுபா அப்படிப்பட்ட பிள்ளையான்னு" என்றாள். பூமாரி மறுக்கவில்லை. பிழைப்பு நடக்க வேண்டுமே.

பேடன்ட் விண்ணப்பம் அன்றைக்குச் சாயங்காலமே போயிற்று. மறுநாள் விடியற்காலை குரூப்பில் ஏசுதாசனின் நன்றி வந்தது. ஜெபஷீலா பக்கத்திலேயே நின்று, அவர் வாய் 'மில்லி' என்று ஆரம்பித்தால் அமுக்கத் தயாராகப் பொத்தான்மேல் விரலை வைத்திருந்தாளாம். அதனால் சுருக்கமாகத்தான் இருந்தது. கர்த்தர் சகோதரி சுபாஸ்ரீ மூலமாக வழி திறந்தார் என்றும், அவளைச் சந்தேகப்பட்டதற்காகச் சபை தன்னை மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். இருநூத்திச் சொச்சம் ஆமென். முதல் ஆமென் ஜோயலுடையது.

அதே நாள் பதினோரு மணிக்குப் பூமாரியின் போனுக்குத் தேவாரத்திலிருந்து ஒரு படம் வந்தது. ஜோயலின் பட்டறை முற்றத்தில் சுபாஸ்ரீ கையெல்லாம் கிரீஸோடு மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கையில் வாலில்லாத பச்சை ஏலக்காய், ஒன்றுகூடக் கிழியாமல். சுற்றிலும் தோட்டக்காரர்கள். ஒரு பெரியவர் காயை மூக்கருகில் வைத்து முகர்ந்துகொண்டிருக்கிறார். மூன்றாவது ரோலரில் மயில் கழுத்து நிற வெல்வெட் பளபளக்கிறது.

சுபாஸ்ரீக்குப் பின்னால், இடுப்பில் கையை வைத்தபடி, அந்த ரோலரையே உற்றுப் பார்த்துக்கொண்டு விஜி நிற்கிறாள். உடம்பில் அதே நிற ரவிக்கை.

பூமாரி படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு விஜியின் முகத்தைப் பார்த்தாள். போன் அடிக்க ஆரம்பித்தது. விஜிதான்.

நாலு தடவை அடிக்கட்டும் என்று விட்டாள். பிறகு எடுத்து, அந்தப் பக்கம் ஒரு வார்த்தை வருவதற்குள், "ஆத்தா விஜி, பாத்தியா? ஒன் துணி வீணாப் போகல! ஒங்க மெஷின்லயேல்ல சுத்துது!" என்றாள்.